மெல்லத் தொடவும் பயிற்சி வேண்டும்

(மூத்த குடிமக்களுக்கான கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் மசாஜ் பயிற்றுநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் பல வீடுகளுக்கு மசாஜ் செய்ய ஆட்கள் வருகிறார்கள். அவர்களிடம் நாம் முதலில் சொல்வது, "நல்லா அழுத்திப் பிடிங்க!" வலித்தால்தான் பலன் என்ற எண்ணம் நமக்கு. அவர்களும் அப்படியே பழகிவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்தை மாற்றி, மென்மையான முறைகளைக் கற்றுக்கொடுப்பதுதான் என் வேலை.

முதல் பாடத்தில் எண்ணெய் கிடையாது. எதிரில் இருப்பவரின் முன்கையில் உள்ளங்கையை வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். தசை இறுகுகிறதா, தளர்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். அனுபவம் உள்ளவர்களுக்குத்தான் இது கஷ்டம். கை தானாக அழுத்தப் போகும். அடுத்து, தசையை அமுக்காமல் தோலை மட்டும் மெல்ல இழுத்து விடப் பழக்குவோம்.

இதற்குக் காரணம் உண்டு. நிணநீரைச் சேகரிக்கும் நுண்குழாய்கள் தோலுக்குச் சற்றுக் கீழேயே இருக்கின்றன. பலமாக அழுத்தினால் அவை நசுங்கும். மார்பகப் புற்றுநோய் சிகிச்சையில் அக்குளின் நிணநீர்க் கணுக்களை எடுத்த சிலருக்குக் கை வீங்கும். அந்த வீக்கத்தைக் குறைக்க, சிறப்புப் பயிற்சி பெற்றவர்கள் இப்படித்தான் மெதுவாகத் தடவுவார்கள். பிறகு அழுத்தக் கட்டும் போடுவார்கள். இந்த முறையை டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர், மனைவி எஸ்ட்ரிட்டுடன் சேர்ந்து உருவாக்கி, 1936இல் பாரிசில் அறிமுகப்படுத்தினார்.

மென்மையாகச் செய்தால் மசாஜ் செய்பவருக்கும் நல்லது. நாள் முழுக்க அழுத்தி அழுத்திக் கட்டைவிரலும் மணிக்கட்டும் கெட்டுப்போய்த் தொழிலை விடுபவர்கள் உண்டு.

வருபவரிடம் நீங்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை:

1. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அழுத்தினால் எளிதில் ரத்தம் கட்டும்.

2. எலும்புத் தேய்மானம் இருக்கிறதா? வலிமை குறைந்த எலும்பு, முதுகிலும் விலாவிலும் பலமான அழுத்தத்தைத் தாங்காது.

3. சர்க்கரை நோயால் பாதம் மரத்திருக்கிறதா? "வலிக்குதா?" என்று கேட்டால் உங்களால் சரியான பதில் சொல்ல முடியாது.

4. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, சூடாக, வலியோடு இருக்கிறதா? அன்று மசாஜே வேண்டாம். உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். உடனே மருத்துவரிடம் போங்கள்.

இவற்றையெல்லாம் நீங்கள் சொல்லும் முன்பே ஒருவர் கேட்டால், அவர் நன்றாகப் பயிற்சி பெற்றவர் என்று நம்பலாம். எதுவும் கேட்காமல் எண்ணெயைக் கையில் ஊற்றினால், நீங்களே நிறுத்திச் சொல்லுங்கள். நடுவில் வலித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள். "மெதுவா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அடுத்த முறை யாராவது மென்மையாகச் செய்தால், கொடுத்த காசு வீண் என்று நினைக்காதீர்கள். அந்தக் கைக்குத்தான் அதிகப் பயிற்சி தேவைப்பட்டிருக்கும்.