கையெழுத்துக்கு முன்னால்

விடியற்காலையில் பஸ் பிடித்து வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, இயந்திரவியலில் பட்டம் பெறும் பிள்ளைகளே!

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அரிசி ஆலைக்குப் போயிருந்தேன். நெல் அவிக்க நீராவி தரும் சின்ன பாய்லர் அங்கே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் அறுபதை நெருங்கிய பெரியவர். தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் உப்புப் படிந்து மங்கிக் கிடந்தது. "இதில் மட்டம் எப்படித் தெரியும் ஐயா?" என்று கேட்டேன். "சத்தத்தை வைத்தே சொல்லிடுவேன் தம்பி" என்றார். பாய்லரிலிருந்து எட்டடி தள்ளி அவருடைய சாப்பாட்டுத் தூக்கு ஆணியில் தொங்கியது. தினமும் அங்கேயேதான் உட்கார்ந்து சாப்பிடுவாராம். அந்தக் கண்ணாடியை மாற்றச் சொல்லியிருக்க வேண்டியவர் என்னைப் போல் படித்த ஒருவர். அவர் வந்து, பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

மட்டம் இறங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும், தேர்விலும் எழுதியிருப்பீர்கள். தண்ணீர் மூடாத இடத்தில் இரும்பு சூடேறி வலுவிழக்கும். சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ அழுத்தத்தில் உள்ளே இருக்கும் தண்ணீரின் வெப்பநிலை 180 டிகிரிக்கும் மேல். தகடு கிழிந்த கணத்தில் அதில் ஒரு பங்கு சட்டென்று நீராவியாகும். காற்றழுத்தத்தில் நீர் நீராவியானால் சுமார் 1,600 மடங்கு விரியும். ஒரு கட்டடத்தையே தூக்கி எறியும் வலு அங்கிருந்துதான் வருகிறது. பாய்லரைச் சோதிக்கும்போது காற்றை அடைக்காமல் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி அழுத்தம் ஏற்றுவதும் இப்படி விரிவதைத் தவிர்க்கத்தான். சோதனையில் தகடு விட்டுப்போனாலும் ஒரு கசிவோடு முடிந்துவிடும்.

இந்த அறிவு உயிர்களைக் கொடுத்து வாங்கியது. 1863-இல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் இறந்தார்கள். மறு ஆண்டே வங்காளத்தில் பாய்லர் சோதனைக்குச் சட்டம் வந்தது. அந்த வழியில் 1923-இல் நாடு முழுமைக்குமான கொதிகலன் சட்டமும், 2025-இல் அதன் இடத்துக்குப் புதிய சட்டமும் வந்தன. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராக்டன் ஊரில் குரோவர் காலணி ஆலை. 1905 மார்ச் 20 காலை, அங்கிருந்த பழைய பாய்லர் வெடித்துக் கூரையைப் பிளந்துகொண்டு போனது. 58 பேர் இறந்தார்கள். சோதனையில் தேறியிருந்த பாய்லர் அது. இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இணைப்புக்குள் விரிசல் ஒளிந்திருந்தது. சோதித்தவரின் நேர்மையில் குறையில்லை. அந்த விரிசலைக் கண்டுபிடிக்கும் வழிதான் அன்று அவரிடம் இல்லை. 1907-இல் அந்த மாநிலம் பாய்லர் விதிகளைச் சட்டமாக்கியது. சில ஆண்டுகளில் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் தன் விதித்தொகுப்பை வெளியிட்டது. இன்று திருச்சியில் பாய்லர் கட்டுபவர்களுக்கும் அந்த விதிகள் பழக்கமானவை.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பதுபோல் எல்லாப் பொறியாளருக்கும் பொதுவான பதிவுச் சட்டம் இல்லை. இது ஒரு குறை என்பது என் உறுதியான கருத்து. ஆனால் ஆபத்து கூடும் இடங்களில் சட்டம் தனித் தகுதி கேட்கிறது. பெரிய கொதிகலன் நிலையத்தை நடத்தக் கொதிகலன் இயக்கப் பொறியாளர் சான்றிதழ் வேண்டும். அதற்குப் பட்டம் போதாது. பாய்லரோடு வேலை பார்த்த அனுபவமும் தேர்வும் வேண்டும். எரிசக்தித் தணிக்கையாளராக வேறொரு தேர்வு. 1920-இல் தொடங்கிய இந்தியப் பொறியாளர் நிறுவனம் பட்டயப் பொறியாளர் என்ற தகுதியைத் தருகிறது. எதை நோக்கிப் போகிறீர்கள் என்பதை முதல் வேலைக்குச் சேரும்போதே முடிவு செய்யுங்கள். ஐந்து வருடம் கழித்து யோசித்தால் அனுபவம் வேறு பக்கம் சேர்ந்திருக்கும்.

அந்த அனுபவத்தைப் பதிந்து வைக்க ஒரு நோட்டு வாங்குங்கள். எந்தத் தேதியில் எந்த இயந்திரம், அதன் கொள்ளளவு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், யார் மேற்பார்வையில் செய்தீர்கள் என்று எழுதி வையுங்கள். ஒவ்வொரு வேலையை விடும்போதும் அனுபவச் சான்றிதழைக் கையோடு வாங்குங்கள். என் நண்பர் ஒருவர் ஆறு வருடம் உழைத்த ஆலை மூடப்பட்டது. அவர் தேர்வுக்கு விண்ணப்பித்தபோது சான்று கொடுக்க ஆள் இல்லை. ஆறு வருடமும் கணக்கில் வராமல் போயிற்று.

வெளிநாடு போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2018-இல் குவைத்தில், நம் தேசியத் தர அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் பெறாத கல்லூரிகளில் படித்தவர்களால் பொறியாளர் என்ற பெயரில் அனுமதியைப் புதுப்பிக்க முடியவில்லை. பல வருடம் அங்கே வேலை பார்த்தவர்களும் தவித்தார்கள். ஆகவே நீங்கள் படித்த பாடப்பிரிவுக்கு, படித்த ஆண்டுகளில், அந்த அங்கீகாரம் இருந்ததா என்று இன்றே விசாரித்துச் சான்று வாங்கி வையுங்கள். அமெரிக்காவில் பொறியாளர் உரிமம் பெற முதலில் அடிப்படைத் தேர்வு, பிறகு பொதுவாக நான்கு ஆண்டு அனுபவம், அதன்பின் தொழில்முறைத் தேர்வு. அடிப்படைத் தேர்வில் கணிதமும் வெப்ப இயக்கவியலும் பொருள்களின் வலிமையும் வருகின்றன. அவை இப்போது உங்கள் தலையில் சூடாக இருக்கின்றன. பாடம் மறக்கும் முன்பே அதை எழுதிவிடுங்கள்.

உங்களில் பலர் இன்னும் சில ஆண்டுகளில் ஏதோ ஓர் ஆலையில், ஏதோ ஒரு படிவத்தின் கீழே கையெழுத்துப் போடுவீர்கள். ஆலை முதலாளி அவசரப்படுத்துவார், வண்டி காத்திருக்கும், டீயும் வரும். அந்த நேரத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டு பாய்லர் பக்கம் போங்கள் பிள்ளைகளே. கண்ணாடிக் குழாயைப் பாருங்கள். சேஃப்டி வால்வைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். அங்கே நிற்பவரின் பெயரைக் கேளுங்கள். அவர் மதியம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்றும் கேளுங்கள். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.