ஊர்மிளையை நினைப்போம்

சிங்கப்பூர் மாரியம்மன் கோயில் 1827இல் தோன்றியது. தீபாவளிக்கு முன்பு அங்கே தீமிதி நடக்கும். பூக்குழி இறங்குவோர் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து ஊர்வலமாக வருவார்கள். பாஞ்சாலியின் துயரத்தை அன்று ஊரே நினைக்கிறது. இராமாயணத்து ஊர்மிளையை நாம் நினைத்ததுண்டா?

சீதையின் தங்கை அவள், இலக்குவனின் மனைவி. அண்ணனோடு அவன் காடு சென்றான். மனைவியிடம் விடைபெற்றதாக வால்மீகி பாடவில்லை. கணவனின் உறக்கத்தையும் தானே ஏற்று, பதினான்கு ஆண்டுகள் அவள் உறங்கினாள் என்று தெலுங்குப் பெண்கள் பாடினார்கள். உறங்காமல் இருந்திருந்தால்? மாமனார் மாண்ட வீட்டில் அவள் யாரிடம் அழுதிருப்பாள்? விளக்கேற்றும்போது எதை வேண்டியிருப்பாள்?

நம் பாட்டன்மார் பலர் மனைவியை ஊரில் விட்டுவிட்டே கப்பலேறினார்கள். ஞாயிறுதோறும் சிராங்கூன் சாலையில் கூடும் தொழிலாளருக்கும் ஊரில் ஓர் ஊர்மிளை உண்டு. தோட்டத்திலிருந்தும் ஆண்கள் வெளியூர் வேலைக்குப் போகிறார்கள்.

வீட்டுக்குப் பேசும்போது, "பணம் வந்ததா?" என்பதோடு நிறுத்த வேண்டாம். "நீ எப்படி இருக்கிறாய்?" என்றும் கேட்போம். அவள் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்போம்.