டில்லி வாசலில் இல்லாத பெயர்கள்

(சிங்கப்பெருமாள் கோவிலில் மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



டில்லி ‘இந்தியா கேட்’டைப் படத்திலாவது பார்க்காதவர் இங்கே இருக்க மாட்டீர்கள். கதவில்லாத வாசல், சுமார் 140 அடி உயரம். அது யாருடைய வெற்றிக்காக எழுந்தது? அதற்கு விலை கொடுத்தவர் யார்? அதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

வெற்றி வளைவு என்பது பழைய ரோமாபுரிச் சரக்கு. அடுத்தவன் நாட்டைக் கொள்ளையடித்துத் திரும்பும் சேனாதிபதி, கைதிகளைச் சங்கிலியில் நடத்தி ஊர்வலம் வருவான். அந்தப் பெருமையைக் கல்லில் எழுப்பி வைப்பார்கள். நெப்போலியனும் 1806-ல் பாரிசில் ஒன்றைத் தொடங்கினான். அது முடிந்தது 1836-ல். அதற்குள் ஆட்சியும் போய், ஆளும் செத்துப் 15 வருஷம் ஆகிவிட்டது! அதன் சுவரில் தளபதிகளின் பெயர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு.

டில்லி வாசலும் அதே வார்ப்புதான். லட்யன்ஸ் என்ற துரை வரைந்து கொடுத்தது. நெற்றியில் ‘இந்தியா’ என்று எழுதி, 1914, 1919 என்று வருஷங்களை ரோமன் எழுத்தில் பொறித்திருக்கிறார்கள்.

1914-ல் உலகத்தைப் பங்கு போட்டுக்கொள்ள ஏகாதிபத்தியங்கள் மோதிக்கொண்டன. நமக்கும் ஜெர்மன் உழவனுக்கும் என்ன விரோதம்? ஆனாலும் இந்தியாவிலிருந்து 13 லட்சத்துக்கு மேற்பட்டோரைத் திரட்டினார்கள். இவர்களில் லட்சக்கணக்கானோர் துப்பாக்கி பிடித்தவர்களே அல்ல. மூட்டை சுமந்தவர்கள், கோவேறு கழுதை ஓட்டியவர்கள், டோலி தூக்கியவர்கள், சமைத்துப் போட்டவர்கள். நம் சென்னைச் சாப்பர்ஸ் பட்டாளம் மெசபொடேமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், ஆறு தாண்டப் பாடுபட்டது. பட்டாளத்துக்குக் காக்கித் துணி நெய்து கொடுத்தது பெரம்பூர் பின்னி மில் தொழிலாளி. இதெல்லாம் போதாதென்று 1917-ல் இந்தியக் கஜானாவிலிருந்து 10 கோடி ஸ்டெர்லிங் பவுண்டு பிரிட்டனுக்கு ‘நன்கொடை’! கொடுத்தவனைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு அதற்கு நன்கொடை என்று பெயர்.

இங்கே அரிசி விலை ஏறியது. 1918 செப்டம்பரில் சென்னையில் பசித்த ஜனங்கள் கடைகளுக்குள் புகுந்தார்கள். அந்த வருஷம் ஏப்ரலில்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்திருந்தது.

யுத்தம் ஜெயித்தது. நமக்குக் கிடைத்த கூலி 1919-ல் ரௌலட் சட்டமும் ஜாலியன்வாலாபாக்கும்தான். 1921 பிப்ரவரி 10-ல் கன்னாட் பிரபு டில்லியில் வாசலுக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். அதே வருஷம் ஆகஸ்ட் 29-ல், வேலைநிறுத்தத்தில் நின்ற பின்னித் தொழிலாளர்கள் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். காக்கி நெய்தவன்மேல் காக்கி சுட்டது.

வாசலை 1931 பிப்ரவரி 12-ல் திறந்து வைத்தவர் வைசிராய் இர்வின். பகத் சிங்கை விசாரிக்க ஆர்டினன்ஸ் போட்டுத் தனி டிரிப்யூனல் அமைத்த அதே இர்வின்! திறப்பு விழா முடிந்து 39-வது நாள், மார்ச் 23-ல், லாகூர் சிறையில் பகத் சிங், ராஜகுரு, சுகதேவ் மூவரும் தூக்கிலிடப்பட்டார்கள்.

செத்த இந்திய வீரர்கள் 70,000-க்கு மேல். அவர்கள் நினைவாகத்தான் வாசல் என்கிறார்கள். அதில் பொறித்த பெயர்கள் 13,000-க்குச் சற்று மேல். வெள்ளை அதிகாரிகளும் அதில் சேர்த்தி. மற்றவர்கள்? பஸ்ராவிலும் ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. அங்கே வெள்ளைச் சிப்பாய் ஒவ்வொருவனுக்கும் பெயர் உண்டு. இந்தியரில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். சாதாரணச் சிப்பாய்கள் 33,000-க்கு மேற்பட்டோர் வெறும் எண்ணிக்கை! களத்துமேட்டில் நெல் மூட்டை எண்ணுவது போல எண்ணிப் போட்டிருக்கிறார்கள். இந்தப் பாகுபாட்டுக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறைக் கமிஷன் 2021-ல் மன்னிப்புக் கேட்டது. நூறு வருஷம் கழித்து.

நம் சர்க்கார் 1972-ல் அந்த வளைவின் கீழ் வங்காளதேச யுத்த வீரர்களுக்காக ஜோதி ஏற்றியது. 2022-ல் அதைப் பக்கத்திலுள்ள தேசியப் போர் நினைவிடத்து ஜோதியோடு சேர்த்துவிட்டார்கள். ஜோதி இடம் மாறுகிறது. மூட்டை சுமந்து செத்தவர்களில் பலர் பெயர் இன்னும் கல்லில் ஏறவில்லை.

தோழர்களே, உங்கள் வீட்டில் பாட்டனோ முப்பாட்டனோ ‘பஸ்ராவுக்குப் போனார், திரும்பவில்லை’ என்ற பேச்சு உண்டா? பெயர், ஊர், தெரிந்தால் பட்டாளத்தின் பெயர், இவற்றை எழுதிக் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் போதும். மேடைக்குப் பக்கத்தில் தோழர்கள் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.