புழுங்கலரிசி கற்பித்த பாடம்
மலேசியத் தமிழர் உடல்நலமும் பொதுச் சுகாதார முதுகலைக் கல்வியும்



கல்விக்கென்று பொருள் ஒதுக்கிய பெரியோரின் நினைவாக நடைபெறும் அறக்கட்டளைச் சொற்பொழிவு இது. ஆகவே நம் சமூகத்தின் உயிர் தொடர்பான ஒரு கல்வியைப் பற்றிப் பேசுவதே பொருத்தம் என்று கருதினேன். ஒரு நோயாளியைக் குணப்படுத்தும் மருத்துவத்தை நாம் நன்கு அறிவோம். ஒரு மக்கள் கூட்டம் முழுவதும் ஏன் நோயுறுகிறது என்று ஆராயும் துறைதான் பொதுச் சுகாதாரம். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அதன் முதுகலைக் கல்வியைப் பற்றி.

1. ஓர் எண்

சுகாதார அமைச்சு 2019இல் நடத்திய தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் நோய் (நீரிழிவு) இருந்தது. இன வாரியாகப் பார்த்தால் சீனர்களில் 15.1, மலாய்க்காரர்களில் 22.0, இந்தியர்களில் 31.4 விழுக்காடு. மூன்று இந்தியர்களில் ஏறத்தாழ ஒருவர். இந்த நோய் முற்றினால் பாதிக்கப்படுவது சிறுநீரகம், கண், கால், இதயம். நாட்டில் இன்று இரத்தச் சுத்திகரிப்பை நம்பி வாழ்வோர் 50,000 பேருக்கும் மேல். அவர்களை அந்த நிலைக்குக் கொண்டுவரும் காரணங்களில் முதலிடம் இனிப்பு நீருக்கே.

இந்த எண்ணைக் கேட்டவுடன் வீட்டிலும் வெளியிலும் ஒரே பதில்தான் வருகிறது: “நம்ம ஆளுங்களுக்கு அது பரம்பரை. சோறும் இனிப்பும் விட மாட்டாங்க.” இந்தப் பதில் ஆராய்ச்சியை அங்கேயே நிறுத்திவிடுகிறது. இன வாரியான புள்ளிவிவரம் கேள்வியின் தொடக்கம். அதையே விடையாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை இந்த மண்ணின் வரலாறே காட்டியிருக்கிறது.

2. மூன்று இனங்கள், மூன்று வகை அரிசி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் ஓய்ந்து மாண்டவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். அதே நாட்டில், அதே வெயிலில் உழைத்த தமிழர்களை அந்நோய் அரிதாகவே தொட்டது. கிராமத்து மலாய்க்காரர்களையும் அவ்வாறே. இன வேறுபாடு இதைவிடத் தெளிவாகத் தெரிய முடியாது.

நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் ஒவ்வொருவர் தட்டிலும் என்ன அரிசி இருக்கிறது என்று பார்த்தார். சீனர்கள் ஆலையில் தீட்டிய சயாம் வெள்ளரிசியை உண்டார்கள். மலாய்க்காரர்கள் வீட்டில் குத்திய அரிசியை உண்டார்கள். தமிழர்கள் உண்டது புழுங்கலரிசி. 1907இல் தம் முடிவை அவர் நூலாக வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டில் பிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்தில் இதைச் சோதித்திருந்தார். வெள்ளரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. தங்களுக்காக முடிவெடுக்க இயலாத நோயாளிகளிடம் நடத்திய அந்தச் சோதனையை இன்றைய ஆய்வு அறநெறி ஏற்காது. அதையும் மாணவர்கள் கற்கத்தான் வேண்டும். 1900இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டான்டனும் பின்னர், தீட்டும்போது போகும் தவிட்டில்தான் காக்கும் சத்து இருக்கிறது என்று காட்டினார்கள். அந்தச் சத்தைப் பிற்காலம் பி1 வைட்டமின் என்று அறிந்துகொண்டது. நெல்லைப் புழுக்கும்போது அது தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது.

அந்நோயைப் பொறுத்தவரை சீனர் உடம்பிலும் தமிழர் உடம்பிலும் வேறுபாடு இல்லை. வேறுபாடு அரிசி ஆலையில் இருந்தது.

3. கிள்ளான் காட்டிய வழி

மலேரியாவும் ஒரு பாடம் கற்பித்தது. 1901இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்தவர் மால்கம் வாட்சன். அதே ஆண்டில் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், மலேரியாவால் முடங்கிப்போனது. சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டி, காட்டைத் திருத்தி, கொசு வளரும் நீரை அகற்றினார்கள். அவ்விரு ஊர்களிலும் 1901இல் 368 பேரைக் கொன்ற காய்ச்சல், 1905இல் 45 பேரைக் கொன்றது.

இதே முறை தோட்டப்புறத்திலும் பலிக்கும் என்று பலரும் நம்பினார்கள். ஆனால் மலைச்சரிவுத் தோட்டங்களில் காட்டை வெட்டியபோது மலேரியா கூடியது. வெயில் படும் ஓடைநீரில் வளரும் வேறு வகைக் கொசுவே அங்கே காரணம் என்பதை வாட்சன் கண்டறிந்தார். அதன் பின்னரே நிலத்தடி வடிகாலும் எண்ணெய் தெளிப்பும் வந்தன. இடத்துக்கு இடம் காரணம் மாறும் என்ற இந்த அறிவுக்குத் தோட்ட லயங்களில் மாண்டுபோன நம் முன்னோர் கொடுத்த விலை பெரியது.

4. இனிப்பு நீர் எங்கிருந்து வந்தது?

பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. தெற்காசியர்களுக்குக் குறைந்த உடல் எடையிலேயே இந்நோய் வருகிறது என்பது மருத்துவம் அறிந்த உண்மை. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு 2011இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள்: தமிழ்நாட்டு நகரங்களில் 13.7 விழுக்காடு, கிராமங்களில் 7.8 விழுக்காடு. அளந்த காலமும் முறையும் வேறு. இங்குள்ள இந்தியர் எல்லாரும் தமிழரும் அல்லர். அங்கும் இப்போது நோய் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆயினும் ஒரே பரம்பரை மக்களிடம், கிராமத்துக்கும் நகரத்துக்கும் இடையே இத்தனை இடைவெளி இருக்குமானால், வாழ்நிலை எவ்வளவு பெரிய காரணம் என்பது விளங்கும்.

நம் வாழ்நிலை எப்படி மாறியது? தோட்டத் துண்டாடலும், பின்னர் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியதும் நம் மக்களை நகருக்குத் தள்ளின. விடியலில் பால்மரம் சீவி மைல் கணக்கில் நடந்தவரின் பிள்ளை, இன்று பன்னிரண்டு மணி நேரம் பாதுகாவலர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் அல்லது லாரி ஓட்டுகிறார். உழைப்பு நின்றது, உணவின் அளவு நிற்கவில்லை. டின் பால் தேநீரும் மலிவான பொரித்த உணவும் கூடவே வந்தன. தோட்டத்தில் குறையோடாவது டிரெஸ்ஸர் என்னும் மருத்துவ உதவியாளர் ஒருவர் இருந்தார். அவருக்கு ஒவ்வொரு வீட்டாரையும் பெயர் சொல்லித் தெரியும். மலிவு விலை அடுக்குமாடியின் பதினான்காவது மாடியில் இருப்பவரைத் தேடிப்போக யார் இருக்கிறார்கள்?

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். ஆனால் தினக்கூலிக்காரர் அங்கே காத்திருந்தால் அன்றைய சம்பளம் போகிறது. மருந்தை எப்போது, எப்படி உண்பது என்பது தமிழ் மட்டுமே அறிந்த பாட்டிக்கு விளங்காமல் போகிறது. கால் புண்ணோடு அவசரப் பிரிவுக்கு வரும்போதுதான் அவர் கணக்கில் சேர்கிறார்.

5. முதுகலைக் கல்வி செய்ய வேண்டியது

 லெம்பா பந்தாயில் மலாயாப் பல்கலைக்கழகம், செராஸில் தேசியப் பல்கலைக்கழகம், செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகம் எனப் பொதுச் சுகாதார முதுகலைப் பட்டத்தை வழங்கும் நிறுவனங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே இருக்கின்றன. நோய்ப்பரவல் இயல், புள்ளியியல், சுகாதார நிர்வாகம் ஆகியவற்றை அங்கே கற்பிக்கிறார்கள். நான் கேட்பது மூன்று.

முதலாவது, களம். ஜொகூர் சிகாமட்டில் மொனாஷ் பல்கலைக்கழகம் ஒரே வட்டாரத்து மக்களின் உடல்நலத்தைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து கவனித்துவருகிறது. அத்தகைய தொடர் ஆய்வு கிள்ளானின் அடுக்குமாடிகளுக்கும் வேண்டும். முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் அங்கே சில மாதங்களாவது பணியாற்றியே பட்டம் பெற வேண்டும்.

இரண்டாவது, கணக்கு. இனத்தோடு வருமானம், வேலை நேரம், குடியிருப்பு, கல்வி ஆகியவற்றையும் சேர்த்துப் பிரித்துப் பார்க்கும் பயிற்சி வேண்டும். அப்போதுதான் இனத்தின் பெயரில் மறைந்திருக்கும் வறுமை கண்ணில் படும். இன்றைய அரிசி ஆலை எது என்பதும் தெரியவரும்.

மூன்றாவது, மொழி. ஆய்வின் முடிவு ஆங்கில இதழோடு நின்றுவிடக் கூடாது. எந்த மக்களின் இரத்தத்தை எடுத்து ஆராய்ந்தார்களோ, அவர்களுக்குத் தமிழில் அது திரும்பி வர வேண்டும், கோயில் மண்டபத்திலும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்திலும்.

6. வேண்டுகோள்

1960இல் துன் வீ. தி. சம்பந்தனார் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். அவர்களைவிட நாம் ஏழைகள் அல்லர். மருத்துவர் ஆக வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். பொதுச் சுகாதார நிபுணர் ஆகவும் சிலரை அனுப்புங்கள். ஆண்டுக்கு ஒரு மாணவருக்கு, அவர் எந்த இனத்தவராயினும் கிள்ளான் அடுக்குமாடிகளில் களப்பணி செய்ய உறுதி தருவாராயின், முழு உதவித்தொகை வழங்க இவ்வறக்கட்டளையினர் முன்வர வேண்டும். இந்த அவையில் இருப்போர் அதற்கு இன்றே பொருள் தர வேண்டும். 31.4 என்ற எண்ணைக் குறைக்க முடியும். குறைக்கும் பொறுப்பு நம்முடையது.