கூட்டுறவில் நம் பங்கு



கூட்டுறவு வங்கியில் உறுப்பினராகச் சேரலாமா என்று நம்மில் பலர் கேட்கின்றனர். நல்ல கேள்வி. கந்துவட்டிக்குத் தாலிக்கொடியையும் பறிகொடுத்த குடும்பங்கள் நம் நடுவே உண்டு.

நம் நாட்டுக்கு இது புதிதன்று. 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவ்வாண்டே காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. அதற்கு முன்பே, 1891-இல், பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் தம் நிருபத்தில் உழைப்பாளர் சங்கங்களை ஊக்குவித்திருந்தார்.

ஆயினும், சேருமுன் அறிய வேண்டியவை சில உண்டு. பங்குத் தொகை வேறு, வைப்புத் தொகை வேறு. கூட்டுறவு வங்கியில் ஒருவர் போடும் வைப்புக்கு, அசலும் வட்டியும் சேர்த்து 5 இலட்சம் ரூபாய் வரை 2020 முதல் காப்பீடு உண்டு. பங்குத் தொகைக்கு இல்லை. ஊர்க் கடன் சங்கங்களின் வைப்புக்கும் அக்காப்பீடு இல்லை. பெயர்ப் பலகையைக் கண்டு மயங்காமல் கேட்டுத் தெளிவோம். பிறருக்கு ஜாமீன் கையெழுத்திட்டால், அவர் கட்டாத கடன் நம் தலைமேல் விழும்.

நூறு பங்கு உடையவருக்கும் ஒரு பங்கு உடையவருக்கும் வாக்கு ஒன்றே. பேரவைக் கூட்டத்துக்கு நாம் போகாவிட்டால், வங்கி நாலு பேர் கையில் சிக்கிவிடும். கடன் வாங்க மட்டுமே சேர நினைப்பவர் சேராதிருப்பதே நலம். நாம் கட்டாத தவணை, அடுத்த வீட்டு விதவையின் சேமிப்பு அல்லவா? ஒழுங்காகக் கட்டவும் கணக்குக் கேட்கவும் துணிந்தவர் தயங்காமல் சேரட்டும்.

கோபுரம் கட்டுமுன் செலவைக் கணக்கிடக் கற்பித்த ஆண்டவர், நம் இல்லங்களைக் கடன் சுமையினின்று காப்பாராக.