இரட்டைக் கர்ப்பமும் படுக்கை ஓய்வும்

(கம்போங் ராஜாவில் நடைபெற்ற மகளிர் நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நான் பல ஆண்டுகள் தாதியாகப் பணியாற்றியவள். வயிற்றில் இரட்டைப் பிள்ளை என்று தெரிந்தவுடன் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு, "இனிமேல் படுத்தே கிடக்க வேண்டும்" என்பதுதான். மருத்துவர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். அப்படி வாரக்கணக்கில் வார்டில் படுத்திருந்த ஒரு தாயை நான் அறிவேன். உடம்பில் நோவு இல்லை. ஆனால் லயத்தில் விட்டுவந்த மூத்த பிள்ளையை நினைத்து அழாத நாளில்லை.

இந்தப் பழக்கம் பயன் தருகிறதா என்று சிம்பாப்வே நாட்டின் ஹராரே நகரில் ஆராய்ந்தார்கள். இரட்டைக் கர்ப்பம் தரித்த 212 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மட்டும் மருத்துவமனையில் ஓய்வெடுக்க வைத்தனர். 1985-இல் முடிவு வெளியானது. படுத்திருந்தவர்களுக்குக் குறைப்பிரசவம் குறையவில்லை. சற்று அதிகமாகவே இருந்தது! பின்னர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கோக்ரேன் அமைப்பும், வழக்கமாக எல்லோரையும் படுக்க வைப்பதால் நன்மை உண்டென்பதற்குச் சான்றில்லை என்றே கூறியது. நெடுநாள் அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் உறையலாம். தசையும் எலும்பும் தளரும்.

அப்படியானால் கூடையைச் சுமந்து மலைச்சரிவில் ஏறலாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. பாரம் தூக்குவதையும் நெடுநேரம் நிற்பதையும் குறையுங்கள். களைத்தால் உட்காருங்கள். மெதுவாக நடப்பதில் தவறில்லை. இரத்த அழுத்தம், இரத்தக் கசிவு போன்ற காரணம் இருந்து மருத்துவர் வார்டில் சேரச் சொன்னால் மறுக்காதீர்கள். அது வேறு விஷயம்.

உண்மையில் நாம் செய்ய வேண்டியவை மூன்று.

முதலாவது, கர்ப்பம் தெரிந்ததும் கிளினிக்கில் பதிந்து, 14 வாரத்திற்குள் ஸ்கேன் எடுப்பது. இரு குழந்தைகளுக்கும் ஒரே நச்சுக்கொடியா, தனித்தனியா என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரியும். ஒரே கொடி என்றால் அடிக்கடி பரிசோதனை தேவை.

இரண்டாவது, அறிகுறிகளை அறிவது. இரட்டையரில் பாதிக்கும் மேற்பட்டோர் 37 வாரத்திற்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள். விட்டுவிட்டு வயிறு இறுகுதல், இடுப்பு வலி, நீர் அல்லது இரத்தம் கசிதல் கண்டால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மூன்றாவது, நேரத்தோடு போய்ச் சேருவது. குறைமாதக் குழந்தையின் நுரையீரலைப் பக்குவப்படுத்தும் ஊசி ஒன்று உண்டு. 1972-இல் நியூசிலாந்தின் லிக்கின்ஸ், ஹோவி என்ற இரு மருத்துவர்கள் அதன் பயனை நிறுவினர். அது முழுப்பலன் தர ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். நம் மலைப்பாதையோ வளைவுகள் நிறைந்தது. தானா ராத்தாவுக்குப் போவதானாலும், சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு இறங்குவதானாலும் நேரம் பிடிக்கும். வலி முற்றியபின் புறப்பட்டால் ஊசிக்கு அவகாசம் இராது.

ஆகவே மாமியார்மார்களே, கணவன்மார்களே! வளைகாப்புக்கு நாள் பார்க்கும்போதே வண்டிக்கும் ஏற்பாடு செய்யுங்கள். இரவில் யார் வண்டி எடுப்பார், மூத்த பிள்ளையை யார் பார்ப்பார் என்று பேசி வையுங்கள். இரட்டைப் பிள்ளையைக் காக்கத் தாய் ஒருத்தி படுத்துக் கிடப்பது போதாது. அவளைச் சுற்றி இருப்பவர்கள் விழித்திருக்க வேண்டும்.