வீரனுக்கேற்ற சீட்டுக்கட்டு

சீட்டாட்டம் என்றதும் ஒருவரை ஒருவர் வெல்ல முயலும் ஆட்டமே பெரும்பாலோர் மனத்தில் எழும். முன்னூற்றுநாலு ஆடும் நால்வருள் இருவர் ஒரு பக்கம், இருவர் மறு பக்கம். ஒரு பக்கத்தாரின் வெற்றி மற்றப் பக்கத்தாரின் தோல்வியாகும். கைக்கு வரும் சீட்டும் பங்கிட்டவர் கொடுத்ததேயன்றி, ஆடுபவர் தேர்ந்தெடுத்ததன்று. இவ்விரண்டு இயல்புகளுக்கும் மாறான ஓர் ஆட்டம் 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. ‘மார்வெல் சாம்பியன்ஸ்’ என்பது அதன் பெயர். இதில் ஆடுபவர் அனைவரும் ஒரே பக்கம். அவரவர் கட்டை அவரவரே முன்கூட்டி அமைத்துக்கொள்வர்.

மார்வெல் சித்திரக்கதைகளின் வீரர்களே இவ்வாட்டத்தின் நாயகர்கள். 1962இல் தோன்றிய ஸ்பைடர்மேன், 1963இல் தோன்றிய அயன்மேன் முதலியோருள் ஒருவரை ஒவ்வொருவரும் ஏற்பர். ஒருவர் தனித்தும் ஆடலாம். நால்வர் வரை கூடியும் ஆடலாம். எதிரே நிற்கும் கொடியோனுக்காக ஆடுபவர் எவருமில்லை. அவனுக்கென அமைந்த சீட்டுக்கட்டும் ஆட்ட விதிகளுமே அவனை இயக்குகின்றன. அவனுடைய உயிர்நிலை முற்றும் குறைந்தால் வீரர் அனைவர்க்கும் வெற்றி. அவனுடைய சதித்திட்டம் நிறைவேறினாலோ, வீரர் யாவரும் வீழ்ந்தாலோ அனைவர்க்கும் தோல்வி. ஒருவர் மட்டும் வென்றார் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

கட்டை அமைப்பதற்கு விதிகள் உண்டு. ஒரு கட்டில் நாற்பதுக்குக் குறையாமலும் ஐம்பதுக்கு மேற்படாமலும் சீட்டுகள் இருத்தல் வேண்டும். அவற்றுள் பதினைந்து அவ்வீரனுக்கே உரியவை; அவற்றை நீக்குதல் இயலாது. எஞ்சியவற்றைத் தாக்குதல், நீதி, தலைமை, காப்பு முதலிய துறைகளுள் ஒன்றிலிருந்தும், எல்லார்க்கும் பொதுவான சீட்டுகளிலிருந்தும் தேர்ந்தெடுக்கலாம். ஒரே பெயருடைய சீட்டு மூன்றுக்கு மேல் இருத்தலாகாது. ஒன்றுக்கு மேற்பட்ட துறைகளைக் கலக்கும் உரிமை சில வீரர்க்கு உண்டெனினும், அது விதிவிலக்கேயாம்.

புதிதாக ஆட வருபவர், வலிமை மிக்க சீட்டுகளையெல்லாம் ஒன்று திரட்டினால் வலிமை மிக்க கட்டு உண்டாகும் என்று எண்ணுவது இயல்பு. அங்ஙனம் அமைத்த கட்டு பெரும்பாலும் தோல்வியையே தருகின்றது. அதன் காரணம் இவ்வாட்டத்தின் பொருளாதாரத்தில் அமைந்துள்ளது. ஒரு சீட்டை இறக்க வேண்டுமாயின் அதற்குரிய விலையைப் பெரும்பாலும் கையிலுள்ள வேறு சீட்டுகளைக் கழித்தே செலுத்துதல் வேண்டும். ஆகவே ஒவ்வொரு சீட்டும் கருவியும் ஆகும், காசும் ஆகும்.

வீரக்கோலத்தில் நிற்கும் ஸ்பைடர்மேனுக்குக் கைச்சீட்டு ஐந்து. எதிரிக்கு எட்டுப் புள்ளி சேதம் விளைக்கும் உதைச்சீட்டு ஒன்று அவனிடம் உண்டு. அதன் விலை மூன்று. அதனை இறக்க அச்சீட்டும், விலையாக வேறு மூன்றும் கையை விட்டுப் போகும், எஞ்சுவது ஒன்றே. விலை நான்காயின் கை முழுவதும் ஒழிந்துவிடும். ஒரு கட்டில் உள்ளவை எல்லாம் நான்கு விலைச் சீட்டுகளாயின், ஒரு சுற்றில் ஒன்றை இறக்குவதோடு அவ்வீரன் வேலை முடிந்தது. எனவே விலையுயர்ந்தவை சிலவாகவும், ஒன்றும் இரண்டும் விலையுள்ளவை பலவாகவும் இருத்தலே தகும். விலையே இல்லாத சீட்டுக்கும் தனிமதிப்பு உண்டு. இரட்டை வளம் தரும் பொதுச் சீட்டுகள் மூன்று வகையின. ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒரு கட்டிற் சேரலாம். ஒரு சீட்டைக் கொண்டு இரு சீட்டின் விலையைச் செலுத்த உதவுவதால், அவற்றை நீக்கத் துணிவோர் சிலரே.

கையில் இருத்தி வைக்கும் சீட்டும் இலவசமன்று. வீரர் அனைவரும் தத்தம் முறையை ஆடி முடித்தபின் ஒவ்வொருவரும் தம் கையளவு நிரம்பும் வரையே புதுச் சீட்டு எடுப்பர். நாளைக்கு உதவும் என்று வைத்திருக்கும் ஒரு சீட்டு, இன்று வரவேண்டிய ஒரு புதுச் சீட்டைத் தடுத்து நிற்கின்றது.

இனிக் கட்டின் பருமன். ஐம்பது வரை இடமிருக்க நாற்பதோடு நிறுத்துவது ஏன் என்ற வினா எழலாம். கணக்கு இதற்கு விடை கூறும். ஒரு குறித்த சீட்டில் மூன்று பிரதிகள் உள்ளன என்று கொள்வோம். தொடக்கத்தில் எடுக்கும் ஆறு சீட்டுகளுள் அவற்றுள் ஒன்றேனும் வரும் வாய்ப்பு, நாற்பது சீட்டுக் கட்டில் நூற்றுக்கு 39. ஐம்பது சீட்டுக் கட்டில் நூற்றுக்கு 32. ‘இதுவும் இருக்கட்டும்’ என்று சேர்க்கப்படும் ஒவ்வொரு சீட்டும் இன்றியமையாத சீட்டைச் சிறிது தூரம் அப்பால் தள்ளுகின்றது. சேர்க்கத் தெரிந்தவரினும் விலக்கத் தெரிந்தவரே நல்ல கட்டை அமைப்பர்.

ஒவ்வொரு வீரனுக்கும் இரு கோலங்கள் உள்ளமையும் கருதற்பாலது. வீரக்கோலத்தில் நின்றால் கொடியோன் அவனைத் தாக்குவான். இயல்பான மனிதனாக மாறினால் வீரன் தன் காயம் ஆற்றலாம். ஆனால் அவ்வேளையில் கொடியோன் தன் சதியை வளர்ப்பான். சுற்றுக்கு ஒரு முறை கோலம் மாற்றலாம். எக்கோலத்தில் எவ்வளவு நேரம் நிற்கப்போகிறான் என்பதைத் தீர்மானியாது கட்டமைப்பது, பயணம் எங்கே என்று அறியாது மூட்டை கட்டுவதை ஒக்கும்.

ஸ்பைடர்மேன் தாக்குதலுக்கு அஞ்ச வேண்டியவனல்லன். கொடியோன் அவனைத் தாக்க முற்படும்போதெல்லாம் அவன் ஒரு சீட்டு எடுக்கிறான். அவனுடைய தற்காப்பு வலிமையும் மூன்று. ஆனால் சதியைத் தடுக்கும் வலிமையோ ஒன்றே. ஆதலின் காப்புத் துறையை விட நீதித் துறையே அவனுடைய குறையை நிறைவு செய்யும்.

அயன்மேனின் நிலை வேறு. வீரக்கோலத்தில் அவனுடைய கையளவு ஒரே சீட்டு. கவசம், தலைக்கவசம், பறக்கும் காலணி என ஒவ்வொரு தொழில்நுட்பக் கருவியை அணியும்போதும் கையளவு ஒவ்வொன்றாகக் கூடி, ஏழு வரை உயரும். ஆகவே தொடக்கச் சுற்றுகளில் அவன் ரொனி ஸ்டார்க் என்னும் மனிதனாகவே இருந்து, ஆறு சீட்டுக் கையுடன் கருவிகளைத் திரட்டுகிறான். அவ்வாறு இருக்கும் காலத்தில் சதியைத் தடுக்கும் ஆற்றல் அவனுக்கில்லை.

இவ்விருவரும் சேர்ந்து றைனோ என்னும் கொடியோனை எதிர்ப்பதாகக் கொள்வோம். இருவர் ஆடும்போது அவனுடைய சதி பதினான்கு புள்ளியில் நிறைவேறும். சுற்றுதோறும் இரண்டு புள்ளி தானே ஏறும். ஸ்டார்க் மனிதனாக இருப்பதால் றைனோ மேலும் ஒரு புள்ளியேனும் சேர்ப்பான். தடுப்பார் இல்லையாயின் ஐந்தாம் சுற்றிலேயே ஆட்டம் முடிந்துவிடும். கொடியோனின் கட்டிலிருந்து வரும் சீட்டுகள் அதனை இன்னும் விரைவாக்கவும் கூடும். ஆக, அயன்மேன் தன் கவசத்தைப் பூட்டி முடிக்கும் காலத்தை அவனுக்கு வாங்கித் தருபவன் ஸ்பைடர்மேனே. அவன் தன் கட்டை நீதிச் சீட்டுகளால் அமைத்தது தன் குறைக்காக மட்டுமன்று. நண்பனின் தாமதத்துக்காகவும் ஆகும். பின்னர் முழுக்கவசத்தோடு எழும் அயன்மேன் பெருஞ்சேதம் விளைத்து அக்கடனைத் தீர்க்கிறான்.

இருவரும் தாக்குதல் துறையையே தேர்ந்திருந்தால், றைனோவின் உயிர்நிலை ஒருபுறம் சரிய, மறுபுறம் அவன் சதி நிறைவேறியிருக்கும். தனித்தனியே நோக்கின் இரண்டும் சிறந்த கட்டுகளே. ஒரே மேசையில் அவை சேரும்போது தடுக்கும் கை ஒன்றும் இல்லை. ஆதலின் கட்டமைக்கத் தொடங்குமுன் கேட்கவேண்டிய முதல் வினா, ‘எந்தச் சீட்டு வலியது?’ என்பதன்று, ‘உடன் ஆடுபவர் செய்ய இயலாதது எது?’ என்பதே.

ஒரு கட்டு முதல் முயற்சியில் செவ்வையாக அமைவது அரிது. தோற்றபின் சீட்டுகளைப் பரப்பி வைத்து, எவை இறக்கப்பட்டன, எவை விலையாகவே கழிக்கப்பட்டன என்று ஆராய்தல் நன்று. கைக்கு வரும்போதெல்லாம் காசாகவே போகும் சீட்டு, கட்டில் இருக்கத் தேவையற்றது. அதனை எடுத்துவிட்டு, பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்குக் கைகொடுக்கும் ஒன்றை வைத்தால், அடுத்த ஆட்டத்தில் வேறுபாடு தெரியும். தன் புகழுக்காக அமைத்த கட்டு ஒரு வீரனை மட்டும் சில சுற்றுகள் ஒளிரச் செய்யலாம். மேசையில் உள்ளோர் அனைவரையும் எண்ணி அமைத்த கட்டே சதி முற்றும் வேளையிலும் தாங்கி நிற்கும்.